லேப்டாப் சார்ஜரைக் கழற்ற வேண்டாம், 80-இல் நிறுத்தினால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இணைப்பில் 'லேப்டாப் பேட்டரி நீண்ட நாள் உழைக்க' என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. நூறு சதவீதம் ஏறியதும் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும், மாதம் ஒரு முறை பேட்டரியை முழுக்கக் காலி செய்துவிட்டு ஏற்ற வேண்டும், வீட்டிலேயே வைத்து வேலை பார்ப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நேரடி கரண்டில் ஓட்டலாம் என்று மூன்று யோசனைகள். மூன்றும் ஒரு காலத்தில், வேறு வகைப் பேட்டரிக்கு, வேறு வகை லேப்டாப்புக்குச் சொல்லப்பட்டவை. இன்றைய லேப்டாப்புக்கு முதல் யோசனை அரைகுறை, இரண்டாவது கெடுதல், மூன்றாவது பெரும்பாலும் நடக்காத காரியம். அந்தப் பெட்டிச் செய்தியைக் கத்தரித்துக் கையோடு எடுத்துக்கொண்டு என் கடைக்கே ஆட்கள் வந்துவிட்டதால்தான் இந்தக் கடிதம்.

காட்பாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். மீதிப் பேர் வீட்டிலிருந்து மெடிக்கல் கோடிங் பார்ப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸ் பிள்ளைகள், பில் போடும் கடைக்காரர்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு இவர்களில் பலருடைய லேப்டாப் மேஜையை விட்டு நகர்வதே இல்லை. காலையிலிருந்து இரவு வரை பிளக்கிலேயே கிடக்கிறது. பேட்டரிக்கு வேலை வருவது கரண்ட் போகும்போது மட்டும்தான். அப்படிக் கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒன்றைச் செய்கிறார்கள்.

என் மேஜைக்கு வந்த இரண்டு லேப்டாப்புகளைச் சொல்கிறேன். ஒன்று, மெடிக்கல் கோடிங் செய்யும் ஒரு பெண்ணுடையது. பேட்டரி மேல் அவ்வளவு அக்கறை. நூறு ஏறியதும் செல்போனில் அலாரம் அடிக்கும்படி வைத்திருப்பார், உடனே சார்ஜரைப் பிடுங்கிவிடுவார். இருபதுக்கு இறங்கியதும் மறுபடி மாட்டுவார். ஒரு ஷிஃப்டில் இரண்டு தடவை இந்தக் கூத்து. மற்றது ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் லேப்டாப். வாங்கிய நாளிலிருந்து பிளக்கை யாரும் தொட்டதே இல்லை, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூறு சதவீதத்திலேயே நின்றது. இரண்டு பேருக்கும் பேட்டரி போய்விட்டது. அந்தப் பெண்ணுடைய பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கடைக்காரருடையது உப்பிப்போய் டச்பேடைத் தூக்கிவிட்டது. அதனால் பிடுங்கினாலும் தப்பு, மாட்டியே வைத்தாலும் தப்பு என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. உள்ளே நடப்பது தெரிந்தால் இதில் குழப்பமே இல்லை.

முதலில், நூறுக்கு மேல் ஏறி பேட்டரி வெடித்துவிடும் என்ற பயத்தை விட்டுவிடலாம். லேப்டாப்புக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட், பேட்டரி நிரம்பியதும் கரண்டை நிறுத்திவிடும். அப்புறம் லேப்டாப் ஓடுவது நேராக அடாப்டரிலிருந்து வரும் கரண்டில்தான். பேட்டரி சும்மா உட்கார்ந்திருக்கும். தானாகக் கொஞ்சம் இறங்கினால், பல மாடல்களில் 95 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்ததும், மறுபடி கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். ஆக, பிளக்கில் கிடப்பது ஒன்றும் குற்றமில்லை. பிளக்கில் கிடக்கும்போது பேட்டரி எந்த அளவில் நிற்கிறது, எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

லித்தியம் அயான் செல் ஒன்று முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட்டில் நிற்கும். இப்போது வரும் சில செல்கள் 4.35, 4.4 வோல்ட் வரைக்கும் போகின்றன. வோல்ட்டேஜ் அந்த உயரத்தில் இருக்கும்போது செல்லுக்குள் உள்ள திரவம் நேர்முனைப் பக்கம் மெல்ல மெல்லச் சிதைகிறது. எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் படிந்து தடித்துக்கொண்டே போகிறது. அந்தப் படலத்தில் மாட்டிக்கொள்ளும் லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. சிதைவில் வாயுவும் உண்டாகும். உப்பல் என்று நாம் சொல்வது அந்த வாயுவைத்தான். இது எல்லா நேரமும் நடப்பதுதான், ஆனால் நிறை சார்ஜில் வேகமாக நடக்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம் பிடிக்கும். பேட்டரியை நாம் உபயோகிக்கவே வேண்டியதில்லை, இது பாட்டுக்கு நடக்கும்.

பேட்டரித் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் அட்டவணை உண்டு. 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால், 40 சதவீத சார்ஜில் வைத்த பேட்டரியின் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும், முழு சார்ஜில் வைத்ததில் 80 சதவீதம்தான் மிஞ்சும். 40 டிகிரியில் வைத்தால் முன்னதில் 85, பின்னதில் வெறும் 65. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கத்திரி வெயில் சமயத்தில் 40 டிகிரி என்பது வெளியே அடிக்கும் வெயில்தான். அந்த அறையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் அடிவயிறு அதைவிடச் சூடாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடைக்காரரின் பேட்டரியில் சார்ஜ் சைக்கிள் கணக்கைப் பார்த்தால் நாற்பதைக்கூடத் தொடவில்லை. உபயோகமே இல்லாமல் செத்துப்போன பேட்டரி அது.

சைக்கிள் என்றதும் அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மொத்தமாக நூறு சதவீத அளவுக்கு பேட்டரியிலிருந்து எடுத்தால் அது ஒரு சைக்கிள். ஒரே மூச்சில் எடுத்தாலும் சரி, நாலு நாளில் எடுத்தாலும் சரி. சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சைக்கிள் வரை நன்றாக உழைக்கும், சில நல்ல பேட்டரிகள் ஆயிரம் வரை போகும். நூறிலிருந்து இருபதுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை இறக்கினால் நாளுக்கு 1.6 சைக்கிள். வருடத்தில் 300 வேலை நாள் என்று வைத்தால் 480. பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் இருக்கும்போது, எந்தத் தேவையும் இல்லாமல், பேட்டரியின் ஆயுளை வருடக் கணக்கில் தின்றிருக்கிறார். சார்ஜரைக் கழற்று என்ற யோசனையின் பலன் இதுதான்.

அப்படியானால் இந்த யோசனைகள் எங்கிருந்து வந்தன? காலி செய்து ஏற்று என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துச் சங்கதி. பாதியில் ஏற்றினால் பாதியையே ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு இருப்பதாகச் சொல்வார்கள். சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-இல். அந்தப் பேட்டரிக்கு அந்த வியாதி கிடையாது. முழுக்கக் காலியாக்குவது அதற்கு ஆகவே ஆகாது. சதவீதக் காட்டி தாறுமாறாகக் குதித்தால், அதாவது முப்பது காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தால், காட்டியைச் சரிசெய்ய ஒரு முறை இறக்கி ஏற்றலாம். மாதாமாதம் செய்ய அது விரதம் இல்லை.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான். அடியில் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும் லேப்டாப்புகள் இருந்தன. இப்போது கிட்டத்தட்ட எல்லாமே உள்ளே வைத்துத் திருகியவை. அப்படியே கழற்றினாலும், கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினால் செய்த வேலை அத்தனையும் போச்சு. பேட்டரி இல்லை என்று தெரிந்தால் பிராசசர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் மாடல்களும் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் படித்ததில்லை, கடையில் பேசிப் பேசித் தோன்றியது. நம் வீடுகளில் பேட்டரி என்றால் முதலில் தெரிந்தது இன்வெர்ட்டர் பேட்டரி. அது லெட் ஆசிட். அதை எப்போதும் நிரப்பியே வைத்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து வீணாகும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வரும் மெக்கானிக் வருடக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்துவிட்டது. லித்தியம் அதற்கு நேர் எதிர். அதற்குப் பிடித்த இடம் பாதிக்குப் பக்கம். ஒரே வீட்டில் இரண்டு பேட்டரியும் இருக்கும்போது ஒன்றின் சட்டத்தை மற்றதற்கும் போட்டுவிடுகிறோம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சார்ஜரை மாட்டியே வையுங்கள், ஆனால் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்திவையுங்கள். இதற்குத் தனியாக மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். கடந்த சில வருடங்களில் வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். லெனோவோவில் வேன்டேஜ் என்ற செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். மாடலைப் பொறுத்து 60 அல்லது 80-க்குப் பக்கத்தில் நிறுத்தும். திங்க்பேடாக இருந்தால் எங்கே ஏறத் தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு எல்லையையும் நாமே வைக்கலாம். ஏசுஸில் மைஏசுஸ் செயலிக்குள் பேட்டரி ஹெல்த் சார்ஜிங், பல மாடல்களில் 80, 60 என்று தேர்வுகள் இருக்கும். ஏசரில் கேர் சென்டர் செயலியில் 80 சதவீத வரம்பு. டெல்லில் ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போனால் பேட்டரி பகுதியில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும், மேஜை லேப்டாப்புக்காகவே வைத்தது. நாமே எண் கொடுக்கும் கஸ்டம் தேர்வும் உண்டு. ஹெச்பியில், குறிப்பாக ஆபீஸ் மாடல்களில், எஃப்10 அழுத்தி பயாஸில் பேட்டரி ஹெல்த் மேனேஜரைத் தேட வேண்டும், 'மாக்சிமைஸ் மை பேட்டரி ஹெல்த்' என்பதைத் தேர்ந்தால் 80-இல் நிற்கும். ஆப்பிளில் உங்கள் பழக்கத்தைப் பார்த்து அதுவே 80-க்கு மேல் ஏற்றுவதைத் தள்ளிப்போடும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருக்கும் மாணவர்கள் பல மாடல்களில் டிஎல்பி என்ற நிரலில் இரண்டு எல்லைகளையும் எழுதிவைக்கலாம். செயலி அழிந்துபோயிருந்தால் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மறுபடி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸைப் புதிதாக ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரர்கள் பலர் இந்தச் செயலியைத் திரும்ப ஏற்றுவதில்லை, வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

80-இல் நிறுத்தினால் செல்லின் வோல்ட்டேஜ் நாலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். உச்ச வோல்ட்டேஜில் 0.1 வோல்ட் குறைத்தாலே சைக்கிள் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து இவ்வளவு கிடைப்பது நல்ல பேரம் என்பேன். அதுவும் பிளக்கிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு அந்த ஒரு பங்கால் எந்த உபயோகமும் இல்லை.

இதில் ஒரு தொல்லை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். 80-இல் நிறுத்திக்கொடுத்து அனுப்பினால் மறுநாளே போன் வரும். "அண்ணா, நீங்க பார்த்துக் கொடுத்த பிறகு சார்ஜே ஏற மாட்டேங்குது. 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்'னு காட்டுது." அது பழுது இல்லை தம்பி, நான்தான் அப்படி வைத்தேன் என்று விளக்க வேண்டும். விளக்கியும் நம்பாமல் ஒரு மாணவர் வேறொரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே அடாப்டர் போச்சு என்று புதிதாக ஒன்றை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதிலும் 80-க்கு மேல் ஏறவில்லை. அடுத்து பேட்டரி போச்சு என்றார்களாம். நல்லவேளை, வீட்டில் பணம் கேட்கப் போன இடத்தில் அப்பா என்னிடம் கூட்டி வந்துவிட்டார். செயலியைத் திறந்து சுவிட்சைத் தள்ளிக் காட்டினேன், 81 என்று மாறியது. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போதெல்லாம் 80-இல் நிறுத்தியிருக்கிறேன் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

மே மாதத்தில் வரும் 'சார்ஜ் ஏறவில்லை' புகாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரி அதிகச் சூடானால் லேப்டாப்பே சார்ஜ் செய்வதை நிறுத்திவைக்கும். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் அயானை ஏற்றக்கூடாது என்பது பொதுவான விதி. மதியம் ஏறவில்லை, ராத்திரி ஏறுகிறது என்று யாராவது சொன்னால் பேட்டரியை விட்டுவிட்டு ஃபேனைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். மெத்தையில் வைத்து ஓட்டும் லேப்டாப் என்றால் திறக்காமலே தெரியும், பஞ்சும் தலைமுடியும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் வாசலில் கம்பளிபோல அடைத்துக் கிடக்கும். பிரஷால் தட்டினால் ஒரே துண்டாக உரிந்து வரும். அதை எடுத்து, பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையை மாற்றினாலே கையில் தெரியும் அளவுக்குச் சூடு இறங்கிவிடும். மெத்தை, தலையணை, மடியில் விரித்த போர்வை எதுவும் வேண்டாம். அடியில் காற்றுப் போக இடம் இருந்தால் போதும், அதற்கென்று ஆயிரம் ரூபாய் கூலிங் பேட் வாங்க வேண்டியதில்லை. பின்பக்கம் ஒரு பழைய ஜாமென்ட்ரி பாக்ஸைக் கொடுத்துத் தூக்கிவைத்தாலும் வேலை நடக்கும்.

கரண்ட் போனால் 80 சதவீதம் போதுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்தக் கேள்வியே இல்லை. லேப்டாப் அடாப்டர் இழுப்பது பெரும்பாலும் 45 அல்லது 65 வாட், ஒரு ஃபேன் அளவுக்குத்தான். அப்படிப்பட்ட வீட்டில் 60-இலேயே நிறுத்தலாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்குத் தங்கள் பத்திரிகையே கைகொடுக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணை மின் நிலையத்தில் எந்தத் தேதியில் மின்சாரம் நிறுத்தப்படும், எந்தெந்தத் தெருவில் இருக்காது என்று முன்கூட்டியே போடுகிறீர்கள். என் தெருப் பெயர் வந்தால் முதல் நாள் இரவு அந்த வரம்பை எடுத்துவிட்டு நூறுக்கு ஏற்றிக்கொள்வேன். மாலையில் கரண்ட் வந்ததும் மறுபடி 80. ஊருக்குப் போகும்போது, பரீட்சைக்கு எடுத்துப் போகும்போது, நேர்காணலுக்கு உட்காரும்போது நூறு ஏற்றுவதில் ஒன்றும் குறைந்துவிடாது. நூறிலேயே மாதக்கணக்கில் நிற்க விடுவதுதான் கூடாது.

டைப் சி வந்த பிறகு செல்போன் சார்ஜரை லேப்டாப்பில் செருகும் பழக்கமும் வந்திருக்கிறது. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு அதைவிடச் சின்ன சார்ஜரைக் கொடுத்தால், கனமான வேலை ஓடும்போது பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும். பிளக்கில்தானே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், சைக்கிள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். கூடவே வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

தங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க என்னைப் போன்றவர்களிடம் வரவே வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும் அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் அடியுங்கள். ஓர் இடம் விட்டுச் சாய்கோடு போட்டு, பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அதைத் திறந்தால் மேலேயே இரண்டு எண்கள் இருக்கும். டிசைன் கெபாசிட்டி, தயாரித்தபோது இருந்த அளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி, இன்று நிற்கும் அளவு. முன்னது 41,000 என்றும் பின்னது 33,000 என்றும் இருந்தால் 80 சதவீதம் மிச்சம், கவலை வேண்டாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்ற யோசிக்கலாம். புதிது போடச் சொல்லும் எந்தக் கடைக்காரரிடமும் முதலில் இந்த அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். என்னிடமும்தான்.

உப்பல் மட்டும் இந்த அறிக்கையில் தெரியாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். டச்பேட் அழுத்தினால் 'டிக்' சத்தம் வராமல் கெட்டியாக இருக்கும். ஸ்பேஸ் பார் பக்கம் கீபோர்டு லேசாக வளைந்திருக்கும். மூடியை மூடினால் நடுவில் இடைவெளி, மேஜையில் வைத்தால் நாலு காலும் சமமாக நிற்காது. அப்படிப்பட்ட லேப்டாப்பைத் திறக்கும்போது கடைசி ஸ்குரூவைத் தளர்த்தியதுமே அடித்தட்டு தானாக மேலே எழும்பும். உள்ளே தட்டையாக இருக்க வேண்டிய கறுப்புப் பைகள் பளபளவென்று விம்மி நிற்கும், விரல் பட்டால் உள்ளே காற்று நகர்வது தெரியும். கசிந்திருந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஓர் இனிப்பு வாடை வரும். காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஊசியால் குத்திய ஆளை எனக்குத் தெரியும், கை வெந்ததோடு தப்பித்தார். டச்பேட் தூக்கிவிட்டது என்றால் அன்றைக்கே ஆஃப் செய்து, சார்ஜரை எடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இதில் வேண்டாம். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பிற குப்பையோடு கலக்காமல் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. எங்கள் கடையில் முனைகளை டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் சேர்த்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம்.

இனி என் கோரிக்கை. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது 2011-இல். அந்த லேப்டாப்புகள் எத்தனையோ என் கையில் ஏறி இறங்கியிருக்கின்றன. படிப்பு முடிந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒரு வருடம் கழித்து எடுத்தால் பேட்டரி அடியோடு செத்திருக்கும். காலியான பேட்டரி இன்னும் இறங்கி ஒரு அளவுக்குக் கீழே போனால் பாதுகாப்புச் சர்க்யூட் அதில் மறுபடி சார்ஜ் ஏறவே விடாது. பாதி சார்ஜில் ஆஃப் செய்து வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்திருந்தால் அவற்றில் பல இன்றைக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவியிருக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க அப்போது யாரும் இல்லை. மாணவர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்பில் எத்தனையோ மென்பொருள் ஏற்றித்தான் கொடுக்கிறார்கள். கூடவே பேட்டரி வரம்பை 80-இல் வைத்து, பெட்டிக்குள் தமிழில் அரைப் பக்கம் எழுதிவைத்தால் அரசுக்குச் செலவே இல்லை. டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். பேட்டரி ஒன்று மாற்ற இன்றைக்கு மூவாயிரம், நாலாயிரம் ஆகிறது. கூலிவேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது ஒரு வாரக் கூலி.

விற்கும் கடைகளுக்கும் இதையே சொல்கிறேன். புது லேப்டாப்பைப் பிரித்துக் காட்டி, படம் எடுத்து, ஸ்கிரீன் கார்டு ஒட்டி, பேக் கொடுத்து அனுப்புகிறீர்கள். மேஜையிலேயே வைத்துத்தான் உபயோகிப்பீர்களா என்று ஒரு கேள்வி கேட்டு அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட இரண்டு நிமிடம்கூட ஆகாது. எனக்கு பேட்டரி வியாபாரம் குறையும் என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்கிறார். குறையட்டும், சர்வீஸ் வேலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

தங்கள் இணைப்பில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போட்டால் நல்லது. முடிந்தால் எந்த நிறுவன லேப்டாப்பில் எந்த இடத்தில் அந்த வரம்பு இருக்கிறது என்பதை ஒரு சின்னப் படத்தோடு போடுங்கள், அதையும் கத்தரித்துக்கொண்டு வருவார்கள். பெயரையும் கடை பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விளம்பரத்துக்கு எழுதினான் என்று பேச்சு வரும்.

இப்படிக்கு,
லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர்,
காட்பாடி.